கைமாற்றுப் போன எஞ்சின்கள்

பம்புக்காரரிடம் எத்தனை வண்டி இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் வராது. "ஓடறதா, நிக்கறதா?" என்று திருப்பிக் கேட்பார். இரண்டையும் கூட்டினால் ஐம்பதைத் தாண்டும். அத்தனையும் மோட்டார் சைக்கிள், அத்தனையும் கிழடு. அவருக்கும் எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் சத்தத்தைக் கேட்பதுதான் உத்தியோகம். சத்தம் மாறினால் எழுந்துபோய்ப் பார்க்கவேண்டும், மாறாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம். வாழ்நாளில் பாதி அப்படிப் போனதில் அவருக்குக் காது மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே செயின் தொங்குகிறதா, பிளக் கரிபிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். "நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது அடைச்சுக்கும்" என்பாள் அவர் மனைவி.

இத்தனை வண்டியை அவர் தேடிப்போய் வாங்கியதாக யாரும் நினைக்கவேண்டாம். தலையில் கட்டினார்கள். முதலில் வந்தது கம்பவுண்டர் வண்டி. கம்பவுண்டர் காலமானதும் அவர் மகன் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, "எடைக்குப் போட மனசு வரலைங்க. உங்ககிட்ட இருந்தா நல்லா இருக்கும்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் பம்புக்காரர் விழுந்தார். பிறகு ஊருக்கே அந்த வாக்கியம் தெரிந்துபோயிற்று. தபால்காரர் வண்டி வந்தது, நர்ஸம்மா வண்டி வந்தது, கொத்தனார் வண்டி, பால்காரர் வண்டி, சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் வண்டி என்று வரிசை நீண்டது. சிலருக்குக் கையிலிருந்ததைக் கொடுத்தார், சிலருக்குக் கொடுக்கவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம் டயராகவும் டியூபாகவும் மாறியது. மனைவி தங்கத்தைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டாள். "சக்களத்தின்னாகூட ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் காய் நறுக்கிக் குடுப்பா. இதுங்க எண்ணெய்தான் ஒழுகும்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

வண்டிகள் நின்றது வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய நூல் குடோனில். தகரக் கூரை, சிமென்ட் தரை, ஒரே ஒரு பெரிய கதவு. நூல் வியாபாரி நல்ல மனுஷன், சும்மா கிடந்த இடம்தானே என்று விட்டு வைத்திருந்தார்.

வண்டியை வாங்கி நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியமில்லை. நிறுத்திய வண்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பதில்தான் மனுஷன் செத்துப் பிழைக்கவேண்டும். ஓடாத வண்டி ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் கெடும். பெட்ரோலை டேங்கில் விட்டுவைத்தால் பிசின் மாதிரி ஆகிக் கார்புரேட்டரை அடைக்கும், வடித்துவிட்டால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஒரே இடத்தில் நின்றால் டயர் தரையில் படுகிற பக்கம் தட்டையாகும், அதனால் சக்கரத்தை அவ்வப்போது கால் சுற்று திருப்பி வைக்கவேண்டும். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்து இறக்கவேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். வயரை எலி தின்னும், சைலன்ஸருக்குள் குளவி கூடு கட்டும், ரப்பர் தானாகவே வெடிக்கும். கிழக்குச் சுவர் வரிசையில் தொடங்கி மேற்குச் சுவரை எட்டும்போது கிழக்குச் சுவர் வண்டிகள் மறுபடி படுத்திருக்கும். உதைத்து உதைத்து வலது முழங்கால் போய்விட்டது. துரு என்பது ஓய்வு பெறாத ஆள். அவர் தூங்கும்போதும் அது வேலை பார்த்தது. இது ஜெயிக்கிற காரியமில்லை என்று அவருக்கே தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். அதற்கு அவர் கொடுத்த பெயர் கைமாற்று. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குகிற மாதிரி, ஒரு வண்டி படுத்தால் பக்கத்து வண்டியிடம் வாங்குவது. நர்ஸம்மா வண்டிக்குக் கார்புரேட்டர் போனபோது கம்பவுண்டர் வண்டியிலிருந்து எடுத்து மாட்டினார். கம்பவுண்டர் வண்டிக்கு அப்புறம் தபால்காரர் வண்டி கொடுத்தது. பழைய மாடலுக்குப் புதுச் சாமான் கடையில் கிடைப்பதில்லை, வேறு வழியும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தார். முதலில் பிளக், வயர், காயில். பிறகு கார்புரேட்டர், பிஸ்டன், கியர். பிறகு, ஒரே கம்பெனி ஒரே மாடல் என்றால், முழு எஞ்சினே இறங்கி ஏறியது. வருஷங்கள் போகப் போக யார் உடம்பில் யார் உயிர் என்று தெரியாத அளவுக்கு எல்லாம் கலந்துபோயிற்று. ஆனால் வாரம் ஒரு வரிசை ஓடியது. கதவைத் திறந்ததும் பாதி வண்டியாவது உறுமும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இப்போது வாத்தியார் வண்டிக்கு வரவேண்டும். வாத்தியார் இறந்ததும் அதைக் கொண்டுவந்து விட்டவள் அவருடைய ஒரே மகள். துணி மில் முதலாளி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவோடேயே இருந்துவிட்டாள். வண்டியை விட்டுப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "அண்ணா, வருஷத்துல ஒரு நாள், அப்பா போன நாள்ல நான் வருவேன். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவீங்களா? சாயங்காலம் அந்தச் சத்தம் தெருவுல கேட்டாத்தான் நான் அடுப்பைப் பத்தவைப்பேன். அது கேக்காம வீடே ஒரு மாதிரி இருக்கு."

"இதென்னம்மா பெரிய விஷயம்" என்றார் பம்புக்காரர்.

முதல் வருஷமே, அந்த நாளுக்கு முந்தின வாரம், வாத்தியார் வண்டி எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிஸ்டன் நகரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அந்த அளவு பிஸ்டன் கிடைக்கவில்லை. என்ன செய்வார்? பால்காரர் வண்டியும் அதே மாடல்தான். அதன் எஞ்சினை இறக்கி இதில் ஏற்றினார். பால் கேன் சுமந்து, சிலிண்டர் தேய்ந்து, இரண்டு முறை கடைந்து சரிசெய்த எஞ்சின் அது. சத்தம் கொஞ்சம் அடித்தொண்டையில் வரும். கண்டுபிடித்துவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டே உதைத்தார். அவள் கதவோரம் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க முகம் கோணியது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்பா தெருவுல திரும்பற மாதிரியே இருக்குண்ணா" என்றாள்.

அப்புறம் எந்த வாயால் சொல்வது? அடுத்த வருஷம் மாற்றிவிடலாம் என்று இருந்தார். அதற்குள் பிஸ்டன் கிடைத்துப் பழுது பார்த்திருந்த வாத்தியார் எஞ்சின் கொத்தனார் வண்டிக்குக் கைமாற்றாகப் போயிருந்தது. அவளோ வருஷா வருஷம் தவறாமல் வந்து பால்காரர் எஞ்சினைக் கேட்டுவிட்டுப் போனாள். தலைமுடி நரைத்தது, வருவது நிற்கவில்லை.

நூல் வியாபாரி இறந்ததும் அவர் பிள்ளைகள் குடோனை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். மழைக்காலத்துக்கு முன் காலி செய்யவேண்டும். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பம்புக்காரர் அன்று சாப்பிடவில்லை. ஐம்பது வண்டியை எங்கே கொண்டுபோவது? ஒரே ஓர் இடம்தான் ஐம்பதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும், அது பழைய இரும்புக் கடை.

வழி காட்டியவள் வாத்தியார் மகள்தான். அவளுடைய மில் முதலாளி ஊருக்கு வெளியே பழைய வண்டிகளுக்கென்று ஒரு காட்சிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் அவளே போய்ப் பேசினாள். பத்து வருஷத்தில் முதலாளி முன்னால் நின்று அவள் தனக்காக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவையாம். "எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாருண்ணா. ஆள் அனுப்பிப் பார்ப்பாங்க. கண்ணாடிக் கட்டடம், கூரை ஒழுகாது, பார்த்துக்க ஆள் போடுவாங்க. நான் பக்கத்து ஆபீஸ்லயே இருப்பேன். எப்ப வேணா போய்க் கேட்டுக்கலாம்" என்று குழந்தை மாதிரிச் சொன்னாள்.

பம்புக்காரருக்கு இருபது வயது குறைந்தது. வண்டிகளைக் கழுவினார், குரோமியத்தைத் தேய்த்தார். மனைவிகூட ஒரு பழைய புடவையைக் கிழித்துக்கொண்டு வந்து துடைத்தாள். "போய் நல்லா இருங்கடி" என்று வண்டிகளிடம் சொன்னாள்.

பார்க்க வந்தவன் கையில் டார்ச்சோடு வந்த இளவட்டம். நல்ல பையன். ஓடுகிற வண்டிகளை எல்லாம் பம்புக்காரர் வரிசையாக ஸ்டார்ட் செய்து காட்ட, குடோன் முழுக்கப் புகை மண்டி, அவன் இருமிக்கொண்டே கைதட்டினான். பிறகு முதல் வண்டியின் எஞ்சினைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, அதில் குத்தியிருந்த நம்பரைப் படித்தான். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தான். மறுபடி நம்பரைப் பார்த்தான். அடுத்த வண்டிக்குப் போனான். அங்கேயும் அப்படியே. ஐந்தாவது வண்டியில் டார்ச்சை அணைத்துவிட்டான்.

"ஐயா, கம்பவுண்டர் வண்டின்னீங்களே, அதுல இருக்கற எஞ்சின் யாரோடது?"

"அது தபால்காரரோடது."

"தபால்காரர் வண்டியில?"

"நர்ஸம்மாவோடது. நர்ஸம்மாவுக்கு..." பம்புக்காரர் யோசித்தார். "இரு தம்பி, சொல்றேன்."

பையன் காத்திருந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "ஓடுதுங்கறது பெரிய விஷயம்தான், நான் இல்லைங்கல. ஆனா எங்களுக்கு எந்த வண்டியோ அந்த வண்டியா இருக்கணும்யா. சேஸிஸும் எஞ்சினும் சேரலைன்னா பேப்பர்ல அப்படி ஒரு வண்டியே கிடையாது. மழைக்கு முன்னாடி மறுபடி வரேன். மாத்தி வைக்க முடியுமா பாருங்க."

அன்று சாயங்காலமே வாத்தியார் மகள் ஓடிவந்தாள். "ஏதோ எஞ்சின் மாறியிருக்குன்னு சொன்னாங்க. நம்ம வண்டில அந்தப் பிரச்சினை இல்லையேண்ணா?"

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நம்ம வண்டில இல்லம்மா" என்றார்.

அந்த ஒரு பொய்தான் அவரைக் குப்புறத் தள்ளியது. அவள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஓடற வண்டியை எதுக்குங்க பிரிக்கணும்? ஊர்ல எத்தனை பேர் வண்டி இல்லாம நடந்து போறாங்க. ஆளுக்கு ஒண்ணைக் குடுங்க, ஓட்டிட்டுப் போகட்டும். வாத்தியார் வண்டியை அவ வீட்டுத் தாழ்வாரத்துல நிறுத்திடலாம்."

"அது வாத்தியார் வண்டியே இல்லையேடி. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்லிட்டேன். அதை நெசமாக்கணும்."

மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்லுக்குக்கூட மறுப்பு கிடையாது. ஆனால் மனுஷன் பிடிவாதம் பிடித்தால் சுவரில் முட்டிக்கொண்டால் ஒழியத் திரும்பமாட்டார்.

பிரித்ததையாவது ஒவ்வொன்றாகப் பிரித்தாரா? அதுவும் இல்லை. வாத்தியார் எஞ்சின் கொத்தனார் வண்டியில், கொத்தனாருடையது கொட்டகை ஆபரேட்டர் வண்டியில், ஆபரேட்டருடையது இன்னொன்றில் என்று வட்டம் போய்க்கொண்டே இருந்தது. எதைத் தொட்டாலும் ஒன்று வெளியே நின்றது. பம்ப் ஹவுஸில் வருஷாந்திரப் பராமரிப்பு என்றால் மொத்த மோட்டாரையும் நிறுத்தி, மொத்தத்தையும் பிரித்துப் போட்டு, துடைத்து, மறுபடி பூட்டுவார்கள். அவருக்குத் தெரிந்த முறை அதுதான். அப்படியே செய்தார். அத்தனை எஞ்சினையும் இறக்கினார். அங்கே அந்த வேலைக்குப் பத்துப் பேர் கொண்ட கோஷ்டி வரும் என்பதும், இங்கே ஒரு முழங்கால் போன கிழவர் மட்டும்தான் என்பதும் இறக்கி முடித்த பிறகுதான் அவர் புத்திக்கு எட்டியது.

குடோன் தரையில் கால் வைக்க இடமில்லை. நம்பர் குத்திய எஞ்சின் பெட்டிகள் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தன, அது சுலபம். உள்ளே இருப்பவற்றுக்கு நம்பர் ஏது? பிஸ்டன் எவருடையது, கியர் எவருடையது, கிளட்ச் தகடு எவருடையது? கைமாற்று கொடுத்தபோது எல்லாம் நினைவிருந்தது. இப்போது ஒரு கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார். ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகின சாமான்கள் பிறந்த வீட்டில் பொருந்தவில்லை. எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கெட் கழற்றும்போதே கிழிந்தது. போல்ட் தலை மழுங்கியது. கதவைத் திறந்தால் உறுமிய குடோனில் ஸ்பானர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மனைவி சாப்பாட்டைக் கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டார்ச் பையன் சொன்னபடி வந்தான். ஒவ்வொரு நம்பரையும் பார்த்தான், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போயிற்று. பிறகு எதையாவது ஸ்டார்ட் செய்யச் சொன்னான். ஒன்று இருமியது. ஒன்று தீப்பொறியோடு வெடித்து அடங்கியது. மற்றவை அதுவும் இல்லை.

"நம்பர் எல்லாம் சரியா இருக்குய்யா" என்றான். அதற்கு மேல் சொல்ல அவனுக்குச் சங்கடமாக இருந்தது. "எங்க முதலாளி ஓட்டிப் பார்ப்பாரு. ஓடாததை அவர் எடுக்கமாட்டாரு. போன தடவை ஓடிச்சேய்யா... ஏன்யா இப்படி?" போகும்போது பெயின்ட் நன்றாக இருந்த மூன்று டேங்குகளை மட்டும், காட்சிக்கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கென்று எடுத்துக்கொண்டு போனான்.

பழைய இரும்புக்காரரை மனைவிதான் வரச்சொன்னாள். பம்புக்காரருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

வாத்தியார் மகள் விஷயம் தெரிந்து ஒரு நாள் வந்தாள். அழவில்லை. "அப்பா வண்டியை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேண்ணா. வராண்டாவுல நிறுத்திக்கறேன். ஓடினா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். பம்புக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். மற்ற ஐம்பதும் போகட்டும். இருந்த நல்ல சாமானையெல்லாம் அந்த ஒரு வண்டிக்குப் போட்டார். கேஸ்கெட்டை அட்டையில் வெட்டினார். தீப்பொறிக்கான பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். எஞ்சின் வாத்தியாருடையது, கொத்தனார் வண்டியில் இத்தனை நாள் குடியிருந்தது, இப்போது சொந்த வீட்டில். உள்ளே இருந்த பிஸ்டன்கூட அவர் கையால் வாத்தியாருக்கென்றே தேடிப் போட்டது. இந்த ஒன்று மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதுவேதான்.

இரும்புக்காரரின் லாரி காலையில் முதல் நடை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டாம் நடைக்கு லாரி திரும்பி வந்து நின்றபோது வாத்தியார் மகளும் ஒரு சின்ன வேனை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பம்புக்காரர் வண்டியை வெளியே தள்ளி, ஸ்டாண்ட் போட்டு, சோக்கை இழுத்தார். வலது காலால் முடியவில்லை, இடது காலை மாற்றி உதைத்தார். இரும்புக்காரரின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மனைவி பின்வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். உதைத்தார், மூச்சு வாங்கினார், மறுபடி உதைத்தார்.

பிடித்துக்கொண்டது. முதலில் படபடவென்று, பிறகு சீராக. சன்னமான, சுத்தமான சத்தம். வாத்தியார் தெருவில் போகும்போது பம்புக்காரர் தன் காதாலேயே கேட்டிருக்கிற சத்தம்தான். பம்புக்காரரின் கண் நிறைந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கிக் கொடுத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறந்து வண்டியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள், நம்பர் பிளேட்டைப் பார்த்தாள்.

"இது இல்லையேண்ணா" என்றாள்.

"இதுதாம்மா. உங்கப்பா வண்டிதான்."

"இல்லண்ணா. அப்பா வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? பிறந்ததுலேருந்து கேக்கறேன். போன வருஷம்கூட இங்கதானே நின்னு கேட்டேன்? அது இப்படிக் கீச்சுனு இருக்காது. நல்லாக் கனமா வரும்." குரல் உடைந்தது. "அந்த எஞ்சினை என்ன பண்ணீங்க? அதைக் குடுங்கண்ணா. ஓடலைன்னாகூடப் பரவால்ல."

பால்காரர் எஞ்சின் முதல் நடையில் போய்விட்டது. லாரியில் அடியில் கிடந்தது, அதன் மேல்தான் மற்றதெல்லாம் விழுந்தன. பம்புக்காரர் ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தார். இத்தனை வருஷமாக நீ கேட்டு அழுதது உன் அப்பா இல்லையம்மா, பால்காரர் என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்கு இதுவும் இருக்காது, அதுவும் இருக்காது.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். "அது போயிடுச்சு."

அவள் கோபப்படக்கூட இல்லை. பிறகு வேன்காரரிடம் போய், வண்டி ஏற்றவேண்டியதில்லை, போகலாம் என்றாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். வேன் கிளம்பியது.

பம்புக்காரர் எஞ்சினை அணைத்தார். குடோனுக்குள் மீதி இரும்பைத் தூக்கிப் போடுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. மனைவி வந்து அவர் முழங்கையைப் பிடித்து நின்றாள்.

இரும்புக்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "அண்ணே, இதையும் ஏத்திடலாமா?"

பம்புக்காரர் தலையசைத்தார். ஆட்கள் இரண்டு பக்கமும் வந்து குனிந்தார்கள்.

"எஞ்சின் சூடா இருக்கு" என்றார் அவர். "கை சுட்டுடும், பார்த்துத் தூக்குங்க."